தரைக்குக் குளியல்

எனக்கு அக்கி வந்து ஆறிய வருஷம், தாம்பரத்தில் எங்கள் தெருக் கிணறெல்லாம் அடி காட்டிக்கொண்டிருந்தன. அறுபதுகளின் கடைசி. கொப்புளம் காய்ந்து உதிர்ந்துவிட்டது, வலி மட்டும் இடது முதுகை விட்டுப் போகவில்லை. நரம்பு வலி, மெதுவாகத்தான் குறையும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அழுத்திப் பிடித்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ரவிக்கைத் துணி லேசாக உரசினால் போச்சு. ஒரு சொம்புத் தண்ணீர் மேலே விழுந்தால் மிளகாய் அரைத்த அம்மியைக் கழுவி ஊற்றியது போல எரியும்.

"புண்ணுதான் ஆறிடுச்சே, இன்னும் என்ன வலி?" என்றார் மாமியார். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். இவரும் நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை அதட்டி உட்காரவைக்கிறவள் நான். வீட்டில் என் வலியை ஒருவரையும் நம்பவைக்க முடியவில்லை.

குளிக்காதவள் என்று பெயரெடுக்கவும் மனசில்லை. அதனால் ஏமாற்றினேன். குளியலறைத் தகரக் கதவைச் சாத்திக்கொண்டு, முதுகை விட்டுவிட்டு மற்ற இடங்களை ஈரத்துணியால் துடைத்துக்கொள்வேன். பிறகு சொம்பு சொம்பாகத் தரையில் ஊற்றுவேன். மாமியார் அடுப்படியில் இருந்தாலும் காது இங்கேதான் இருக்கும். தினமும் இரண்டு வாளித் தண்ணீர். அதை இறைத்து வைப்பவர் என் வீட்டுக்காரர், ஆபீஸ் ரயிலுக்கு ஓடுவதற்கு முன்னால்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச்சுக்குக் கிளம்பும்போது சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். கிணற்றுக் கயிறு அறுத்து உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து கிடந்தன.

"இனிமே எனக்குத் தண்ணி எறைக்காதீங்க. நான் குளிக்கிறதே இல்ல. ரெண்டு மாசமா தரையிலதான் ஊத்திட்டிருக்கேன்," என்று சொல்லிவிட்டேன். கத்தப் போகிறார் என்று நின்றேன்.

"தெரியும். மொத வாரமே தெரியும்," என்றார். "சோப்பு கரையவே இல்லையே."

"தெரிஞ்சுமா எறைச்சீங்க?"

"தண்ணி சத்தம் கேக்கலன்னா அம்மா உன்னைச் சும்மா விடுவாங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. "அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? இவளுக்கு நெஜமாவே வலிக்குதுன்னு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சொல்லத் தைரியம் வரல. எறைக்கத்தான் முடிஞ்சுது."

மாமியாருக்குக் கேட்டால் கேட்கட்டும் என்று அங்கேயே வாய்விட்டு அழுதேன்.