விளக்கு வைத்த நேரத்து இன்சூரன்ஸ்

பஃபலோ ரோட்டுக் கடைவீட்டு மாடியில் முத்தாயிக்கு ஓர் அறை, சந்திரமதிக்கு ஓர் அறை. முத்தாயியின் புருஷன் இராமசாமி மரக்கிடங்கில் லாரி ஓட்டினான். சந்திரமதியின் புருஷன் கம்பெனியில் கணக்கு எழுதும் கிராணி. அதுகூடப் பரவாயில்லை. அறுபத்து மூன்றாம் வருஷத்தில் அவள் ஆஸ்பத்திரிச் செலவுக்கு இன்சூரன்ஸ் எடுத்தாள் பாருங்கள், அன்றிலிருந்து முத்தாயிக்குச் சோறு இறங்கவில்லை.

"ஆஸ்பத்திரில படுத்தா தனி ரூமு அக்கா. ஃபேனு, வெள்ளை விரிப்பு. எல்லாத்தையும் அவங்களே கட்டிருவாங்க" என்று குழாயடியில் சொல்லிவிட்டுப் போனாள் மகராசி.

"டிஸ்பென்சரில ஐம்பது காசுக்கு டாக்டரும் பாக்குறாரு, மருந்தும் தர்றாங்க. இதுக்கு மாசம் எட்டு வெள்ளியா?" என்றான் இராமசாமி. முத்தாயி கேட்டால்தானே! சந்திரமதிக்குக் கிடைப்பது தனக்கும் கிடைக்க வேண்டும். தோட்டை அடகு வைத்து ஏஜெண்டை வரச் சொன்னாள்.

ஏஜெண்டு தங்கராஜு வந்தது வெள்ளிக்கிழமை, விளக்கு ஏற்றிய நேரம். சந்திரமதி வேறு வேடிக்கை பார்க்க வாசலில் நின்றாள்.

"அண்ணனுக்கு முன்னாடி ஏதும் சீக்கு உண்டாக்கா?"

இராமசாமிக்கு மூன்று வருஷமாக வயிற்றுப்புண். விளக்கு எரியும்போது நோயின் பேரை யாராவது வாயால் சொல்வார்களா? அதுவும் சந்திரமதி காதுபட?

"ஒண்ணும் கிடையாது. கல்லு மாதிரி இருக்காரு" என்றாள்.

ஏழாவது மாதம் இராமசாமி ரத்த வாந்தி எடுத்தான். டிஸ்பென்சரியின் பழைய அட்டையைப் பார்த்த தங்கராஜு, "மறைச்சிட்டீங்களே, கம்பெனி தராதுக்கா" என்று கைவிரித்தார். வேறு வழி? அரசாங்கப் பெரியாஸ்பத்திரி, முப்பது கட்டில் வார்டு.

அன்றும் வெள்ளிக்கிழமை. விளக்கு வைக்கும் நேரம். பிளாஸ்கில் காப்பியோடு சந்திரமதி பக்கத்திலேயே நின்றாள்.

"உடனே ஆபரேஷன் செய்யணும். பழைய சீக்கு எல்லாத்தையும் மறைக்காம சொல்லுங்க" என்றாள் நர்ஸ் தங்கம்.

முத்தாயி சொன்னாள். மூன்று வருஷத்தையும் ஒன்று விடாமல் சொன்னாள். யார் கேட்டால் என்ன, ஆள் பிழைத்தால் போதும்.

இரண்டு மணி நேரம் கழித்துத் தங்கம் வந்து, "பிழைச்சுக்கிட்டாரு" என்றாள். அழுதுகொண்டிருந்த அந்த நிமிஷத்திலும் பாழும் மனசு விடவில்லை. சந்திரமதி புருஷனென்றால் இந்நேரம் தனி ரூமில் ஃபேனுக்கடியில் படுத்திருப்பான் என்று எரிந்தது.

சந்திரமதி காப்பியை ஊற்றாமல் நின்றாள். "அக்கா, எங்க வீட்டுக்காரருக்கு நாலு வருஷமா இனிப்புநீர் வியாதி. நானும் ஏஜெண்டுகிட்ட வாயத் திறக்கல."

இத்தனை மாதமாகப் பார்த்துப் பார்த்துப் புழுங்கிய அந்த முகத்தை முத்தாயி நிமிர்ந்து பார்த்தாள். பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

"நாளைக்கே போய்ச் சொல்லிரு லா" என்றாள்.