சோபாவில் பெரியப்பா

பாறசாலை சந்திப்பில் பெரியப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு ஃபிளெக்ஸ் நிற்கிறது. பைக்கிலேயே லடாக் போய்வந்த மனிதர், கழுத்தில் டையோடு சோபாவில் இருக்கிறார். எழுபதாவது பிறந்தநாளன்று அம்பூரி மலைப்பாதையில் நான் எடுத்த படம் அது. பைக்கை அழித்து, சோபாவையும் டையையும் ஒட்டிவிட்டார்கள். கைகள் இரண்டும் இன்னும் வெறுங்காற்றைப் பிடித்தபடி நீண்டிருக்கின்றன.

"சபையில வச்சு ஜெபக்கூட்டமாக்கும் அண்ணே. பாஸ்டர் வருவாரு, ஒரு மரியாதை வேண்டாமா?" என்கிறான் அவர் மகன்.

பிறந்த ஆண்டும் தவறு என்கிறேன்.

"அத யாரு பாக்கப் போறா?"

எதிர்க்கடையில் டீ ஆற்றுபவர் படத்தை அண்ணாந்து பார்க்கிறார். "எலே மக்கா, அப்பனுக்க வண்டி எங்க?"

உயிரோடிருந்தவரை ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவரை வீட்டில் உட்காரவைக்க முடியாத குடும்பம், இன்று ஜெயித்துவிட்டது.