கேட்காமல் ஏறாத மலை

சிட்னியில் என் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் இப்போது யங்கோனாத் தூள் விற்கிறார்கள். கரைத்துக் குடித்தால் நாக்கு மரத்துப்போகும் அந்த வேரின் தூள், மிளகாய்த்தூளுக்கும் மல்லித்தூளுக்கும் நடுவே பொட்டலமாக உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் காது சூடாகிவிடும். அதே மாதிரி ஒரு பொட்டலத்தை ஒருமுறை பிஜித் தீவில், லவுத்தோக்கா நகரத்தில் வாங்கிக்கொண்டு போய், பெரிய காரியம் சாதித்தவனைப் போல மாமா முன்னால் நீட்டினேன். அவர் கையில் வாங்கவே இல்லை. "ஒடைச்ச தேங்காயோட பொண்ணு கேக்கப் போவாங்களாடா?" என்றார்.

மாமா என்றால் அக்காவின் கணவர். நான் லவுத்தோக்காவில் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அங்கிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில், குத்தகை நிலத்தில் கரும்பு போட்டிருந்தார். நிலமும் அதன் பின்னால் எழும்பும் மலையும் அங்கிருந்த பிஜியர் ஊருக்குச் சொந்தம். மலையிலிருந்து காட்டுப்பன்றிகள் இறங்கிக் கரும்பையும் மரவள்ளியையும் உழுதுபோட்டுவிடும். மாமாவிடம் நான்கு வேட்டை நாய்கள் இருந்தன. சும்மா படுத்திருக்கும்போது பார்த்தால் ஒரு ரொட்டித் துண்டுக்குக்கூட லாயக்கில்லாத நாய்கள். பன்றி வாடை பட்டால் வேறு பிறவி எடுத்துவிடும். ஆனால் முதல் வேட்டைக்கு முன், ஒவ்வொரு வருஷமும் மாமா ஊர்த்தலைவர் வீட்டுக்குப் போய், ஒரு கட்டு முழு வேரைப் பாயில் வைத்து, மலையேறலாமா என்று கேட்பார். கேட்காமல் ஒரு நாயைக்கூட அவிழ்த்துவிட மாட்டார்.

நான் பொட்டலத்தோடு போனது, இந்தியர் ஒருவர் பிரதமராக இருக்கக் கூடாதென்று சிலர் துப்பாக்கியோடு பார்லிமென்டுக்குள் புகுந்து அரசாங்கத்தைக் கவிழ்த்த வருஷம். பக்கத்து நிலத்துக்காரர்கள் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நானும் யாரிடமும் சொல்லாமல் மனுப் போட்டிருந்தேன். பயத்தில் எங்கள் ஆட்கள் ஒருவரும் வேட்டைக்குப் போகாததால் பன்றிகளுக்குக் கொண்டாட்டம். பாதிக் கரும்பு போய்விட்டது. மீதியும் போனால் அக்கா வீட்டில் அடுப்பெரியாது. அந்த நேரத்திலும் மாமா கேட்கத்தான் போகிறேன் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நம்மைக் கப்பலேறச் சொல்கிறவர்களிடம் போய்க் கையேந்துவதா, பேசாமல் நாய்களை ஏவிவிட்டால் யார் கேட்பார்கள் என்றேன். மாமா நாய்க்குக் கழுத்துக் கயிறு கட்டிக்கொண்டே சொன்னார்: "கேக்காம எடுத்ததாலதான்டா நாடே இப்படிக் கெடக்குது. நாமளும் எடுக்கணுமா?"

கேட்கத்தான் வேண்டுமென்றால் இது போதுமே என்று நான் வாங்கிப்போன பொட்டலம் செல்லாது என்றானபின், மார்க்கெட்டுக்குத் திரும்பிப் போய் முழு வேராக ஒரு கட்டு வாங்கிவந்தேன். வெட்கத்தினாலேயே அவர் கூடப் போனேன். தலைவர் வீட்டுப் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தோம். வாசலில் இளைஞர்கள் சிலர் முகத்தை இறுக்கிக்கொண்டு நின்றார்கள். மாமா கட்டை முன்னால் வைத்து, தலை தாழ்த்தி, அவர்கள் பாஷையில் மெதுவாகப் பேசினார். எனக்குப் பாதி புரிந்தது. தலைவர் அந்தக் கட்டைத் தொட வேண்டும். தொட்டால் சம்மதம். அவர் தொடவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. நான் வாசலில் நின்றவர்களையே திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மாமாவோ முடிவெட்டிக்கொள்ளக் காத்திருப்பவரைப் போல நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். மாட்டேன் என்ற பதிலுக்கும் தயாராக வந்த ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

கடைசியில் தலைவர் கையை நீட்டிக் கட்டைத் தொட்டார். உள்ளங்கையைக் குவித்து எல்லோரும் கைதட்டினார்கள். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆழமான சத்தம். வாசலில் நின்றவர்களும் உட்கார்ந்து தட்டினார்கள். தலைவர் என்ன சொன்னார் என்பதை இறங்கி வரும்போது மாமா சொன்னார்: "இந்த வருசம் மலைக்கு நெறையப் பேரு வந்தானுங்களாம். பட்டாளத்துக்காரனுங்களும் வந்தானுங்களாம். கேட்டு வந்தது நீ ஒருத்தன்தான்னாரு." மீதிக் கரும்பு தப்பியது. முதல் பன்றியில் பாதி அந்த ஊருக்குப் போனது.

மறு வருஷம் எனக்கு விசா வந்தது. நான் யாரையும் கேட்கவில்லை, போனேன். சில வருஷம் கழித்து மாமாவின் குத்தகை முடிந்தது. முன்பே ஆஸ்திரேலியா போயிருந்த அவர் பிள்ளைகள் அங்கிருந்து விசாக் காகிதங்கள் அனுப்பினார்கள். ஊரைவிட்டுப் போவதற்கும் அங்கே வேர் வைத்து விடைகேட்கும் வழக்கம் உண்டு. மாமா போய்க் கேட்டிருக்கிறார். இந்த முறை தலைவர் கட்டைத் தொடவில்லை. "வேட்டைக்குன்னா குடுப்பேன், இதுக்குக் குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாராம். மாமா கட்டைத் திரும்ப எடுத்துவந்து சமையல்கட்டுக் கூரையில் தொங்கவிட்டுவிட்டு, பெட்டியிலிருந்த வேட்டிகளை எடுத்து மறுபடி கொடியில் போட்டார். அக்கா எட்டு நாள் அவரோடு பேசவில்லை. குத்தகை முடிந்தும் அந்த வீட்டைக் காலிசெய்யச் சொல்லி யாரும் வரவில்லை.

போன வருஷம் மாமா அந்த வீட்டிலேயே இறந்தார். நான் சிட்னியிலிருந்து போயிருந்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அக்கா, புகை படிந்த அந்தக் கட்டை இறக்கி என் கையில் கொடுத்தாள். "அவரு கேட்டாரு, கெடைக்கல. நீ கேக்காமயே போயிட்டே. இப்பவாச்சும் போய்க் கேளு" என்றாள்.

பழைய தலைவரும் இல்லை. அன்று வாசலில் முகம் இறுகி நின்றவர்களில் ஒருவர்தான் இப்போது அந்த இடத்தில் இருந்தார், அவருடைய மகன். கட்டை வைத்தேன். கேட்காமல் போய்விட்டேன், போகலாமா என்று திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் என்னையும் கட்டையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, எனக்காகவோ என்னவோ, அங்கே இந்தியர்கள் பேசும் ஹிந்தியில் சொன்னார்: போய்விட்டவன் போகலாமா என்று கேட்கக் கூடாது, வரலாமா என்று கேள். கேட்டேன். அவர் கையை நீட்டி மாமாவின் கட்டைத் தொட்டார். அந்தக் கைதட்டல் சத்தத்தை நான் இருபது வருஷமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

நேற்றும் கடையில் அந்தத் தூள் பொட்டலத்தை எடுத்துப் பார்த்துவிட்டு அலமாரியில் திரும்ப வைத்தேன். கடைக்காரப் பெண்ணும் எங்கள் பிஜிக்காரிதான், அங்கே நவுசோரியில் பிறந்தவள். தூள் நல்ல தூள்தான் அங்கிள், முழு வேர் வேண்டுமென்றால் நீங்கள் அங்கேதான் போக வேண்டும் என்று சிரித்தாள்.

"போகணும்மா" என்றேன். "கேட்டு வெச்சிருக்கேன்."