கழற்றிப் போட்ட கிலோக்கள்

ஊரில் மற்ற மெக்கானிக்குகள் காரில் எதையாவது மாட்டிப் பிழைத்தார்கள்; நான் கழற்றிப் பிழைத்தேன். எண்பதுகளின் நடுவில் ஈப்போவில் மூன்று கதவு ஹேட்ச்பேக் வைத்திருந்த இளவட்டமெல்லாம் என் பட்டறை வாசலில்தான் நின்றது. பெரிய எஞ்சின் போட யாருக்கும் வசதியில்லை. எடையைக் குறைத்தால் அதே எஞ்சின் இன்னும் கொஞ்சம் பாயும், செலவும் என் கூலியோடு போய்விடும். நல்ல யோசனைதான். ஒரே குறை, நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. மின்கம்பி இழுத்துவிட்டும் சாரம் கட்டிவிட்டும் ஊசி போட்டுவிட்டும் வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பவர்கள் உங்களில் இருப்பீர்கள். இது உங்களுக்காக.

கொக்கித் தராசு

பட்டறை உத்தரத்தில் ஒரு கொக்கித் தராசு தொங்கியது. நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் ஒட்டுப்பால் நிறுத்த தராசு. பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபோது அதை ஸ்டோர் வாசலில் தூக்கி எறிந்திருந்தார்கள், கேட்டு வாங்கி வந்தேன். கழற்றும் ஒவ்வொரு சாமானையும் வாடிக்கையாளர் கண் முன்னால் அதில் மாட்டி, எடையைச் சுவரில் சாக்பீஸால் எழுதுவேன். பின் சீட்டு, ஜாக்கி, ஸ்பேர் டயர், கதவின் உள்தட்டி. சுவரில் எண் ஏற ஏற அவர்கள் முகம் மலரும். நான் கழற்றிய நட்டுகளை ஒன்றுவிடாமல் டப்பாவில் பத்திரப்படுத்துவேன்.

அந்தச் சுவரை முதலில் நிரப்பியவர் என் தங்கை வசந்தாவின் கணவர் குணா. சிலிம் ரிவரில் பள்ளிக்கூட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. கையை இறுக்கிச் செலவு செய்பவர், ஆனால் வேகப் பைத்தியம். பின் சீட்டை இறக்கியதும், நாளைக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அது எங்கே உட்காரும் என்று கேட்டேன். வசந்தா அப்போதுதான் முழுகாமல் இருந்தாள். குணா தராசு முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னார்: "பிள்ள பொறக்கும்போது மூணு கிலோதான் மச்சான், மடியில வச்சுக்கலாம்லா."

புகை ஐஸ்

சத்தம் உள்ளே வராமல் இருக்கக் கார்த் தரையில் தார் அட்டை ஒட்டியிருக்கும். சும்மா சுரண்டினால் வராது. ஐஸ்கிரீம்காரரிடம் புகை விடும் ஐஸ் வாங்கிப் பரப்பினால் தார் இறுகிவிடும், சுத்தியலால் தட்டினால் சில்லுச் சில்லாகப் பெயரும். தைப்பிங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த நிஜாம் ஒரு பழைய ஹேட்ச்பேக்கைக் கொண்டு வந்தார். தினமும் கொட்டும் தைப்பிங் மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தட்டினேன், தார் வந்தது. தாரோடு தரையும் வந்தது. தகட்டைத் துரு தின்று முடித்து எத்தனை நாளோ, தார்தான் அவர் காலைத் தாங்கியிருக்கிறது. கிளட்ச் மிதிக்கும் இடத்தில் என் கை முழுதாக நுழைந்தது.

இந்தத் தரையோடு இவர் அறுபது மைல் வேகத்தில் வந்திருக்கிறார். சுத்தியலைக் கீழே வைத்தேன். தகடு வைத்துப் பற்றவைக்காமல் சாவியைத் தரமாட்டேன் என்றேன். தகடு எத்தனை கிலோ வரும் என்று கேட்டார். சொன்னேன். மனிதர் வாடிப்போனார். குனிந்து ஓட்டை வழியாகப் பட்டறைத் தரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சின்னதா ஒரு பலகைய போட்டு மிதிச்சுக்கிட்டா ஆகாதா அண்ணே?"

ஸ்பேர் டயர் இல்லாத ஆசிரியர்

சுங்காய்ப் பக்கம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், ஐம்பதை நெருங்கியவர், ஸ்பேர் டயரை மட்டும் கழற்றச் சொன்னார். மூன்றாம் நாள் செம்பனைக் காட்டுக்கு நடுவே டயர் வெடித்தது. மூன்று மைல் நடந்திருக்கிறார். வழியெல்லாம் மட்டைகளுக்குள் ஏதோ கூடவே சரசரத்து வந்ததாம். அது காட்டுப் பன்றியாகத்தான் இருக்கும், ஆனால் அவருக்கு அது புலி. டயரைத் திரும்ப வாங்க வந்தவர் என்னைத் திட்டக்கூட இல்லை. சுவரில் இருந்த தன் எண்ணைக் கைக்குட்டையால் அழித்துவிட்டுச் சொன்னார்: "வேகம் வேண்டியதெல்லாம் காருக்கு வெளியில நிக்கும்போதுதான் தம்பி."

கோப்பெங் வளைவு

எடை குறைவதைவிட எங்கே குறைகிறது என்பதுதான் முக்கியம் என்று எனக்குத் தெரிய ஒரு மழை மதியம் தேவைப்பட்டது. இந்தக் கார்களுக்கு எஞ்சின் முன்னால். நாங்கள் கழற்றியதெல்லாம் பின்னால். பின் சக்கரத்தை ரோட்டில் அழுத்திப் பிடிக்க ஒன்றும் மிச்சமில்லை. குணா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டினார். கோப்பெங் வளைவில் ஒரு நாய் குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தார். முன்பக்கம் நின்றது, பின்பக்கம் நிற்கவில்லை. அது எங்களைச் சுற்றி முன்னால் வந்து, கார் வந்த வழியே ஈப்போவைப் பார்த்து நின்றது. பின்னால் வந்த செம்பனைக் குலை லோரி விலகி என் கதவுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. அதன் டயர் என் முகத்துக்கு நேராக இருந்தது.

அப்போது வசந்தாவுக்கு ஐந்தாம் மாதம். மாதாமாதம் இதே காரில்தான் அவளை ஈப்போவுக்கு டாக்டரிடம் கூட்டி வந்தார். சீட்டையும் டயரையும் திரும்ப ஏற்றிவிடலாம் மாப்பிள்ளை என்று கெஞ்சினேன். பழைய ஈயச் சுரங்கத்து மணல்வெளியில் பையன்கள் ரேஸ் வைத்திருக்கிறார்கள், அது முடியட்டும் என்றார். பின் பிரேக்கின் பிடியைக் குறைக்க ஒரு சாமான் உண்டு என்றேன். விலையைக் கேட்டுச் சிரித்தார். சிரித்தாலும் அவர் கை ஸ்டியரிங்கை விடவில்லை. பட்டறையில் இறங்கும்போது மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வசந்தாகிட்ட சொல்லிடாதீங்க மச்சான்."

மணல் மூட்டை

அன்றிலிருந்து அந்தக் கார் சிலிம் ரிவரிலிருந்து புறப்படும் நாளெல்லாம் எனக்கு வேலை ஓடவில்லை. கடைசியில் என் தொழிலுக்கே துரோகம் செய்தேன். சர்வீசுக்கு வந்த காரில், ஸ்பேர் டயர் இருந்த குழியில், சுரங்கத்து மணல் பத்துப் பத்துக் கிலோவாக இரண்டு மூட்டை வைத்து, கம்பியால் கட்டி, மேலே பாயை விரித்தேன். என்னிடம் எடை குறைக்க வந்தவன் ஒருவன் அதைப் பார்த்திருந்தால் நான் கடையை மூடியிருக்க வேண்டியதுதான்.

கார் மந்தமாக இருக்கிறது, இன்னும் கழற்றுங்கள் என்று குணா திரும்பி வந்தார். சாம்பல் கிண்ணத்தையும் வெயில் மறைப்பையும் இரண்டு ஹார்னில் ஒன்றையும் கழற்றி, தராசில் மாட்டி, சுவரில் எழுதினேன். அவர் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் மூன்றாவது மூட்டையை வைத்தேன். இரண்டு வாரம் கழித்து வந்தவர் காரையும் பார்த்தார், சுவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்: "நீங்க கழட்டக் கழட்ட காடி ஏன் மச்சான் கனமா போவுது?"

சுங்காய்

வசந்தாவுக்கு ஏழாம் மாதம். டாக்டரிடம் வரும் நாள், காலையிலிருந்தே மழை. பக்கத்துக் காப்பிக் கடையில்தான் தொலைபேசி. கடைக்காரர் வாசலில் நின்று, உன் தங்கச்சி, சுங்காய், லோரி என்று மலாயில் கத்தினார். மீதியை நான் கேட்கவில்லை. காரை எடுத்துவிட்டேன். அந்த வழி முழுக்க நான் சாமி கும்பிடவில்லை, கிலோதான் எண்ணினேன். பின் சீட்டு இத்தனை, டயர் இத்தனை, மணல் முப்பது. கூட்டிக் கழித்து ஒவ்வொரு தடவையும் என் தங்கையை நானே கொன்றிருந்தேன்.

குணாவின் கார் ரோட்டில் நேராக நின்றிருந்தது. முன்மூக்குக்கும் லோரியின் பின்பலகைக்கும் இரண்டு விரல் இடைவெளி. வசந்தா ஒரு கடைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தாள். வயிற்றில் கை வைத்துக்கொண்டு, உதைக்குது அண்ணே என்றாள். லோரி திடீரென்று நின்றது, முழுப் பிரேக்கையும் மிதித்தேன், வால் அசையவே இல்லை என்று குணா நனைந்தபடி அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்துவிட்டது. பின்கதவைத் தூக்கிப் பாயை விலக்கினேன். மணலைக் காணோம். போன வாரமே கண்டுபிடித்துக் கொட்டிவிட்டேன் என்று குணா தலையைக் குனிந்தார். ஆனால் குழி காலியாக இல்லை. பழைய கைலியில் சுற்றி, நான் கட்டிய அதே கம்பியால் இறுக்கி, எங்கள் வீட்டிலிருந்து வசந்தாவுக்குச் சீராகப் போன அம்மிக்கல் கிடந்தது. அதைப் பார்த்து என்னைவிட அதிகமாகத் திகைத்தவர் குணாதான். வசந்தாதான் பக்கத்து வீட்டு அக்காவைப் பிடித்து இறக்கிவைத்தாளாம். நான் அந்த மழையில் பம்பர் மேல் உட்கார்ந்து அழுதுவிட்டேன். பின் சீட்டை மறுநாளே மாட்டிவிடலாம் என்று குணாவே சொன்னார். வசந்தா மைலோ கோப்பையை என் கையில் கொடுத்துச் சொன்னாள்: "அவரு மணல கொட்டுனத பாத்தேன். ஏன் வச்சீங்கன்னு எனக்குத் தெரியாது அண்ணே, ஆனா நீங்க சும்மா பயப்பட மாட்டீங்க லா."

ஈப்போவில் ஓடிய பாதி ஹேட்ச்பேக்கின் எடையை மனப்பாடமாகச் சொல்லும் நான் அந்த அம்மிக்கல்லை மட்டும் இன்றுவரை தராசில் ஏற்றவில்லை, முப்பதுக்கு ஒரு கிலோ குறைவாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான்.