பாதுஷாவின் வலது கண்

சங்கரன்கோவிலில் பாதுஷா கண்ணாடிக் கடை என்றால் எந்த ஆட்டோக்காரரும் வழி கேட்க மாட்டார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, பஸ் ஸ்டாண்டில் தகரப் பெட்டியில் ரெடிமேடு கண்ணாடி விற்றவர் பாதுஷா. இன்று கடைக்கு ஏசி. ஊரில் பாதித் தறிக்காரர்கள் மூக்கில் இருப்பது அவர் பார்த்துக் கொடுத்த பவர்தான். எழுத்துப் பலகையை அவர் அவ்வளவாக நம்புவதில்லை. ஒரு கண்ணை மூடி, லென்ஸ் போட்டு, கையில் நூலைக் கொடுத்து, "இழையப் பிரி" என்பார். இழை பிரிந்தால் பவர் சரி.

கண்ணுக்கு நேரே பிடித்தாலே பவரைச் சொல்லும் கையடக்க மிஷின் ஒன்றைச் சோதித்துப் பார்க்க ஒரு கம்பெனி அவர் கடையைத் தேடி வந்ததில் அவருக்கு ஆச்சரியமே இல்லை. வேறு எங்கே போவார்கள்? வந்தவள் முபஷ்ஷிரா, கடையநல்லூர்ப் பெண், கண் பரிசோதனை படித்தவள். வருகிற ஒவ்வொருவருக்கும் அவர் ஒரு தடவை பார்க்க வேண்டும், மிஷின் ஒரு தடவை.

"மொதல்ல எனக்குப் பிடி மக்கா. ரெண்டு கண்ணுக்கும் ஒரே பவர். மிஷினு சொல்லுதான்னு பாப்போம்."

இடது கண்ணுக்கு அவர் போட்டிருந்த கண்ணாடியின் எண்ணே வந்தது. தாடியைத் தடவிக்கொண்டார். வலது கண்ணுக்கு எண்ணே இல்லை, திரையில் வெறும் கோடு. மறுபடி பிடித்தாள். மறுபடியும் கோடு.

கண்ணாடி மாற்ற வந்திருந்த தறிக்காரர் பிச்சையா சிரித்தார். "என்ன பாய், ஒம்ம கண்ணக் கண்டு மிஷினே பயந்துட்டாக்கும்?"

"மிஷினு கோளாறு வே. நீரு வாரும்."

பிச்சையாவின் இரண்டு கண்ணுக்கும் எண் வந்தது.

முபஷ்ஷிரா நூலை எடுத்து பாதுஷாவின் கையில் வைத்தாள். "மாமா, எடது கண்ண மூடுங்க."

மூடினார். நூல் இல்லை. கையும் இல்லை. சாம்பலாக ஒரு வெளிச்சம் மட்டும்.

ஊருக்கே ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தவர், தனக்கு மட்டும் இத்தனை வருஷமும் இரண்டையும் திறந்தபடியே பவர் பார்த்திருந்தார். இடது கண் இழையைப் பிரித்துவிடும். பவர் சரி.

"எத்தன நாளா மாமா?"

"தெரியல."

"சுகர் இருக்கா?"

"இருக்கு."

"இன்னைக்கே திருநெல்வேலி போங்க. இந்தக் கண்ணுக்குப் பார்வை திரும்புமா, எடது கண்ணாவது தங்குமான்னு டாக்டர்தான் சொல்லணும்."

பயம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடைபோல உள்ளே எல்லாம் மரத்திருந்தது. ஏசி ஓடும் சத்தம் கேட்டது.

"நானும் கூட வாரேன் பாய்" என்றார் பிச்சையா.

"கடைய யாரு பாப்பா?"

"ஒம்ம கடைய எவன் தூக்கிட்டுப் போவான்? கெளம்பும்."

பாதுஷாவே ஷட்டரை இழுத்துப் பூட்டினார். நிமிர்ந்து, இடப்பக்கம் தெருவைப் பார்த்தார்.

"எங்க வே போனீரு?"

"இங்கனதான் நிக்கேன் பாய்" என்றார் பிச்சையா, அவருடைய வலது தோளை ஒட்டி நின்றபடி.