மேனேஜருக்கும் பாதி

அந்தத் தெருவின் கேஸ் சிலிண்டர்காரர் தோளுக்கு இரண்டாக நான்கு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஆறாவது மாடிக்கு ஓடினால், லிஃப்ட் வெட்கப்பட்டு நின்றுவிடும். சரி, கொஞ்சம் ஊதிவிட்ட கதைதான். ஒரு சிலிண்டரோடு நடப்பார். பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். வீடு திரும்பினால் உடம்பு வலிக்கு ஒரு மாத்திரை போடாமல் முதுகைத் தரையில் சாய்க்க முடியாது.

அவர் நாய்க்குப் பெயர் மேனேஜர். அடுத்தவர் வேலை செய்வதைப் படுத்தபடியே பார்க்கும் என்பதால் வந்த பட்டம். வயதாகி அது பின்னங்காலை இழுக்கத் தொடங்கியதும் அவர் தன் மாத்திரையை இரண்டாக உடைத்தார். பிள்ளையில்லாத வீடு, எதைத் தின்றாலும் அதற்குப் பாதி கொடுத்தே பழகிய கை. பிஸ்கட்டுக்குள் வைத்து நீட்ட, மேனேஜர் விழுங்கியது. நொண்டல் குறைந்தது. "நான் டாக்டருக்குப் படிச்சிருக்கணும்," என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டார்.

சில வாரங்களில் அது சோற்றை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பியது. வாந்தி எடுத்தது. மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனது. கண்ணின் வெள்ளை மஞ்சளானபோது, அதைத் தோளில் போட்டுக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்கு ஓடினார். மனைவி பின்னாலேயே ஓடினாள்.

டாக்டரம்மா நாயின் உதட்டைத் தூக்கினார். ஈறும் மஞ்சள். வயிற்றை அழுத்தியதும் அது முனகியது.

"கல்லீரல் வீங்கியிருக்கு. தடுப்பூசி போட்டீங்களா?"

"வருஷம் தவறாம."

"சாக்கடைத் தண்ணி குடிக்குமா? எலி மூத்திரம் கலந்திருந்தா இப்படி வரும்."

"அதுவா? கொதிச்சு ஆறின தண்ணியத்தான் தொடும். மேனேஜராச்சே."

"பூஞ்சை பிடிச்ச தீனி?"

"நான் திங்கிறதுதான் அதுக்கும்."

"எனக்கே அந்தப் பங்கு வந்ததில்ல," என்றாள் மனைவி.

"மாத்திரை ஏதாவது?"

அவர் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு மேசையில் வைத்தார்.

"நமக்குக் கேக்கிற மருந்து, நாயோட கல்லீரலுக்கு விஷம்ங்க. எவ்வளவு குடுத்தீங்க?"

அவர் கை நாயின் கழுத்திலேயே நின்றது. "ஒரு நாளைக்குப் பாதி."

"பாதிதானா? அப்படின்னா இன்னும் வழி இருக்கு. ஊசி போட்டு, டிரிப்ஸ் ஏத்திப் பார்ப்போம். தேறலாம்."

அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டார். மனைவி நாயையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை.

"பாதி இல்லீங்க, டாக்டரம்மா. இவர் வேலைக்குப் போனதும் அது காலை இழுத்துக்கிட்டு நடக்கும், பார்க்கப் பொறுக்கல. காலைல நானும் முழுசா ஒண்ணு குடுத்துக்கிட்டிருந்தேன்."