மக்கு வைக்காத கண்டம்

அருங்காட்சியகத்தின் பின்கட்டில் தச்சு வேலை செய்யும் அந்த அம்மாவுக்கு ‘மில்லிமீட்டர்’ என்று பெயர் வைத்தவர்கள் கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். அவரோ அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு இணைப்பிலும் சந்தை மறைக்க அவர் மக்குப் பசை வைத்து அடைத்ததில்லை. சந்து தெரிந்தால் பலகையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக அறுப்பார். அப்படி ஒரு பிடிவாதம்.

இந்த முறை புதுக் காட்சிக்காக மரப்பலகையில் அறுத்தது இரண்டு கண்டங்களை. ஒரு காலத்தில் ஒட்டிக் கிடந்து, அடியிலுள்ள பாறைத் தட்டுகள் நகர்ந்ததால் பிரிந்துபோன நிலங்கள். பன்றி அளவே இருந்த ஒரு பழங்கால விலங்கின் எலும்புகள் இரண்டிலும் கிடைத்திருக்கின்றன. அந்த இடங்களைச் சிவப்புப் பட்டையாகத் தீட்டியிருந்தார். பலகைகளைச் சேர்த்தால் பட்டை ஒரே கோடாக ஓட வேண்டும். ஓடவில்லை. நடுவில் விரல் நுழைகிற சந்து.

“மக்கைப் பூசி பெயின்ட் அடிச்சிடும்மா. நாளன்னைக்குத் திறப்பு விழா. இல்லேன்னா அச்சடிச்ச படத்தையே மாட்டிடுவேன்” என்றார் மேலாளர்.

அச்சடித்த படமா! மில்லிமீட்டருக்குச் சுருக்கென்றது. வரைபடத்தின் கரைக்கோட்டை மயிரிழை பிசகாமல் அறுத்திருந்தார். தப்பு கையில் இல்லையென்றால் கோட்டில்தான் இருக்க வேண்டும். விறுவிறுவென்று மாடியேறி, அங்கே வேலை பார்க்கும் நிலவியல் படித்த பெண்ணைப் பிடித்தார்.

“ஏம்மா, நிலம் கரையோட முடிஞ்சிடுதா?”

“இல்லக்கா. தண்ணிக்குள்ளயும் மெல்லச் சரிஞ்சுக்கிட்டே போகும். உண்மையான விளிம்பு அந்தச் சரிவு முடியுற இடத்துலதான்.”

“இதை முதல்லயே சொல்லக் கூடாதா? தண்ணி நிக்கிற கோட்டை அறுத்துத் தொலைச்சிருக்கேனே!”

கடலாழப் படத்தை வாங்கி வந்தார். பழைய பலகைகளை ஓரங்கட்டினார். மறுநாள் மாலைக்குள் புதுசு தயார். சிவப்புப் பட்டை இந்தக் கண்டத்தில் புறப்பட்டு அந்தக் கண்டத்துக்குள் நேரே போனது. ஓரிரு இடத்தில் மெல்லிய கீறல் இருந்தது. கோடிக்கணக்கான வருஷத் தேய்மானம் ஆயிற்றே என்று, வாழ்நாளில் முதல் தடவையாக விட்டுக்கொடுத்தார்.

மேலாளர் இணைப்பில் நகத்தை ஓட்டிப் பார்த்தார். “ஆமா, இந்தக் குட்டைப் பிராணி அவ்வளவு பெரிய கடலை எப்படித் தாண்டுச்சு?”

“எங்க தாண்டுச்சு? அது பாட்டுக்கு நடந்து போச்சு சார். கடல்தான் பின்னாடி நடுவுல வந்துச்சு.”

மேலாளர் இணைப்பிலிருந்து நகத்தை எடுத்தார். பிறகு அச்சடித்த படத்தைத் தானே சுருட்டினார். “நாளைக்கு வர்றவங்களுக்கு நீங்களே விளக்கிடுங்கம்மா.”

“படிச்ச எனக்கே இவ்வளவு சுருக்கமா சொல்ல வரலக்கா” என்றாள், பலகையைப் பார்க்க இறங்கி வந்திருந்த நிலவியல் பெண்.

“அறுத்தவளுக்குத் தெரியாதா?” என்றார் மில்லிமீட்டர். பெருமை தாங்கவில்லை அவருக்கு.